இரண்டாம் கியர்

பெயர் நாங்கள் வைத்ததில்லை.
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில்
வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை:
இரண்டாம் கியரில் செல்லவும்.
போஜன் ஒன்றைக் கழற்றி வந்து
என் பெரிய டிரம்மின் முகத்தில் கட்டினான்.
நெடுஞ்சாலைத் துறை மன்னிக்க.

ஒத்திகை, கோத்தகிரி டானிங்டனில்
ஒரு தேயிலைத் தூள் கிடங்கின் மாடி.
கீழே சல்லடை ஆடும்
டடக் டடக்
டக்
அந்தக் கடைசி டக் எப்போதும் தாமதம்.
நான் அடிக்கக் கற்றது அதனிடம்தான்.
பேட்டியில் மட்டும் யூடியூப் என்றேன்,
கௌரவமாக இருக்கட்டுமென்று.

நோயலுக்கு தேவாலயத்து ஆர்கன் கை.
போஜனுக்கு இரைச்சல், அப்புறம் இன்னும் இரைச்சல்.
யோகேஸ்வரன் பாடவே மாட்டான். பேசுவான்.
குழாயடிச் சண்டையில் மூச்சு வாங்காமல்
வருவதெல்லாம் எதுகையோடு வருமே, அப்படி.
லயம் என்றால் உங்களுக்குத் தாளம்.
கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வீட்டில்
லயம் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை,
ஒரே கூரையில் எட்டுக் குடும்பம்.
அவன் இரண்டிலும் பிறந்தவன்.

முதல் மேடை மாரியம்மன் திருவிழா.
"பக்திப் பாட்டு ரெண்டு போட்டுட்டு
அப்புறமா கத்துங்க" என்றார் கமிட்டிக்காரர்.
இரண்டும் போட்டோம். அவையும் கத்தலாகத்தான் வந்தன.
"மேளக்காரப் பொண்ணு பரவால்ல"
என்று ஒருவர் என் அப்பாவிடம் சொன்னாராம்.

பிறகு இலை விலை விழுந்த வருடம்.
கிலோ பன்னிரண்டு ரூபாய்.
போஜன் அதையே பல்லவியாக்கினான்,
பன்னிரண்டு ரூபா, பன்னிரண்டு ரூபா,
வேறு வார்த்தை கிடையாது.
உண்ணாவிரதப் பந்தலில் வெள்ளை முண்டாசுகள்
எழுந்து நின்று கை தட்டின.
இரண்டாவது சரணத்தை யோகேஸ்வரன்
எங்களிடம்கூடச் சொல்லாமல் எழுதி வந்திருந்தான்:

இலைக்கு விலை கேட்ட அண்ணே
கிள்ளுன விரலுக்கு என்ன கணக்கு?

கைதட்டல் நின்றது.
முன்வரிசையில் போஜனின் அப்பா.
அவருடைய இரண்டு ஏக்கரில் கிள்ளுவது
யோகேஸ்வரனின் அம்மா.
கிதார் அப்போது நின்றிருக்கலாம்.
போஜன் அப்பாவைப் பார்த்தான், குமிழைத் திருகினான்,
சத்தத்தைக் கூட்டினான்.
எங்கள் இசைக்குழு என்பது
அந்த நாலு நிமிடம்தான்.

மற்றதெல்லாம் வரலாறு, அதாவது வேன்.
கொச்சி, பெங்களூரு, கல்லூரி மைதானங்கள்,
கையெழுத்து கேட்டவர்கள், காசு தராதவர்கள்.
சென்னைக் கம்பெனியில் ஒருவர் கவலைப்பட்டார்:
இது ராப்பா ராக்கா, எந்த அலமாரியில் வைக்க?
இரண்டாம் தொகுப்பில் தவில் சேர்த்தோம்,
கோரஸுக்கு முப்பது குழந்தைகள் சேர்த்தோம்.
கேட்கும்போது எங்களுக்கே எங்களைத் தெரியவில்லை.

ஒருநாள் டிவியில் பல்லவி வந்தது.
சிரிக்கும் குடும்பம், ஆவி பறக்கும் கோப்பை,
பத்தே ரூபா, பத்தே ரூபா,
பாக்கெட் தேயிலை.
சரணம் இல்லை.
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
நாலு பேர் கையெழுத்தும் இருந்தது, தெளிவாக.
அந்தப் பணத்தில்தான் யோகேஸ்வரன் வீட்டுக் கூரை.
என் புதிய டிரம் செட்டும் அதில்தான்.
சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
ஒருவரும் போடவில்லை.

நோயல் மஸ்கட்டில். போஜனுக்குத் தங்கும் விடுதி.
யோகேஸ்வரன் கோவையில் வானொலியில் பேசுகிறான்,
மூச்சு வாங்கி வாங்கி.
போன மாதம் ராயல்டி இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ஆளுக்கு ஐம்பத்துமூன்று அனுப்பினேன்.

யோகேஸ்வரனின் அம்மாவை பஸ்ஸில் பார்த்தேன்.
அந்தப் பந்தலுக்கு மறுவாரமே
கூலியில் இருபது ரூபாய் கூடியதாம்.
"பாட்டுக்கா?" என்றேன்.
"ஆள் கிடைக்கல. எல்லாம் திருப்பூர் போயிருச்சு."

இப்போது அந்த இரண்டு ஏக்கரில்
ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள்.
ஒருத்தி காதில் ஒயரோடு கிள்ளிக்கொண்டிருந்தாள்.
என்ன பாட்டு என்று சைகையில் கேட்டேன்.
ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினாள்.
புரியாத மொழியில் எவனோ
மூச்சு வாங்காமல் பேசுகிறான்.
டடக் டடக்
நான் காத்திருந்தேன்